உரைக் கோப்பிலுள்ள சொற்களைப் பைத்தான் டிக்ஷனரியில் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் உரைக் கோப்பைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் டிக்ஷனரியில் தேடி, கிடைத்த பொருளை அச்சிட வேண்டும். பைத்தான் படிக்கத் தொடங்கும் பலர் எழுதிப் பார்க்கும் முதல் உருப்படியான நிரல் பெரும்பாலும் இதுதான். இருபது வரிக்குள் முடிந்துவிடும் இந்த நிரலைப் பற்றி என்னிடம் வரும் ஐயங்கள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். 'அகராதி' என்னும்போது சொல்லுக்குப் பொருள் தரும் நூலையும், 'டிக்ஷனரி' என்னும்போது பைத்தானின் தரவு அமைப்பையும் குறிக்கிறேன். கட்டளைப் பெயர்களை, வாயால் சொல்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

டிக்ஷனரி எதற்கு? சொற்களை ஒரு பட்டியலில் வைத்துத் தேடினால் போதாதா?

சிறிய கோப்பாக இருந்தால் போதும். ஆனால் பட்டியலில் தேடும்போது பைத்தான் முதல் உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகிறது. தேடும் சொல் அதில் இல்லையென்றால் கடைசி வரை போய்த்தான் 'இல்லை' என்று சொல்ல முடியும். 1,00,000 சொற்கள் கொண்ட பட்டியலில், 10,000 சொற்கள் கொண்ட உரையைத் தேடினால் 100 கோடி ஒப்பீடுகள் வரை ஆகலாம்.

டிக்ஷனரி வேறு வழியில் இயங்குகிறது. ஒவ்வொரு சாவியிலிருந்தும் (இங்கே தேட வேண்டிய சொல்தான் சாவி, அதன் பொருள் மதிப்பு) 'ஹாஷ்' எனப்படும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்தில் சாவியையும் அதற்குரிய மதிப்பையும் வைக்கிறது. தேடும்போதும் அதே கணக்கைச் செய்து நேராக அந்த இடத்துக்குப் போய்விடுவதால், உள்ளே நூறு சொற்கள் இருந்தாலும் லட்சம் சொற்கள் இருந்தாலும் ஒரு தேடலுக்கு ஆகும் நேரம் சராசரியாக ஏறத்தாழ ஒன்றுதான். பொருள் எதுவும் வேண்டாம், சொல் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதும் என்றால் 'செட்' போதுமானது. அதுவும் இதே முறையில்தான் இயங்குகிறது.

அகராதிக் கோப்பை டிக்ஷனரிக்குள் எப்படி ஏற்றுவது?

ஒரு வரிக்கு ஒரு சொல், அடுத்து ஒரு டேப், அடுத்து பொருள் என்று கோப்பை அமைத்துக்கொள்ளுங்கள். பொருள் பகுதிக்குள் காற்புள்ளியும் முக்காற்புள்ளியும் இயல்பாகவே வரும் என்பதால் அவற்றைப் பிரிப்பானாக வைக்க வேண்டாம். டேப் அப்படி வருவது அரிது. கோப்பை 'வித்' கூற்றுக்குள் 'ஓப்பன்' கொண்டு திறந்து, குறிமுறை, அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை, யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லி, ஃபார் மடக்கில் வரி வரியாகப் படித்து, சொல்லைச் சாவியாகவும் பொருளை மதிப்பாகவும் இட்டுவிட்டால் ஏற்றும் வேலை முடிந்தது.

வரியைப் பிரிக்க 'ஸ்ப்ளிட்'டை விட 'பார்ட்டிஷன்' நல்லது என்பது என் கருத்து. ஸ்ப்ளிட் தரும் துண்டுகளை இரண்டு மாறிகளில் வாங்க முயலும்போது, ஏதோ ஒரு வரியில் இரண்டு டேப் இருந்தாலோ டேப்பே இல்லாமல் போனாலோ 'வேல்யூஎரர்' வந்து நிரல் நின்றுவிடும். பார்ட்டிஷன் எப்போதும் மூன்று துண்டுகளைத் தருகிறது: பிரிப்பானுக்கு முன்னுள்ளது, பிரிப்பான், பின்னுள்ளது. பிரிப்பான் அந்த வரியில் இல்லையென்றால் பின்னிரண்டும் வெற்றுச் சரங்களாக வரும். அப்படிப்பட்ட வரிகளை, வரி எண்ணோடு அச்சிட்டு ஒதுக்கிவையுங்கள். பெரும்பாலும் அவை கோப்பில் கைதவறி நேர்ந்த பிழைகளாகவே இருக்கும்.

தேடும்போது 'கீஎரர்' வந்து நிரல் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

சதுர அடைப்புக்குறிக்குள் சொல்லைக் கொடுத்துத் தேடினால், அந்தச் சாவி இல்லாதபோது பைத்தான் கீஎரர் எழுப்பும். 'கெட்' கொண்டு தேடினால் பிழை எழாது. 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் 'நன்' என்ற மதிப்போ, நீங்கள் இரண்டாவதாகக் கொடுத்த மாற்று மதிப்போ வரும். உரையிலுள்ள எல்லாச் சொற்களும் அகராதியில் இருக்கப்போவதில்லை என்பது தெரிந்ததே என்பதால் இந்த வேலைக்கு கெட் பொருந்தும். சொல் கட்டாயம் இருந்தே தீர வேண்டும் என்கிற இடத்தில் அடைப்புக்குறியே சரி. அங்கே எழும் கீஎரர் உங்களுக்கு உதவுகிறது, அதை அடக்கிவைக்காதீர்கள்.

கெட் கொடுத்ததை 'இஃப்' கூற்றில் அப்படியே சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பொருள் பகுதி காலியாக உள்ள சொல்லுக்கு வெற்றுச் சரம் வரும். பைத்தான் அதையும் பொய்யென்றே கொள்வதால், இருக்கும் சொல்லே இல்லாத சொற்களின் பட்டியலில் சேர்ந்துவிடும். வந்தது நன் தானா என்று 'இஸ்' கொண்டு சோதியுங்கள்.

சொல் கோப்பிலும் இருக்கிறது, டிக்ஷனரியிலும் இருக்கிறது. அச்சிட்டால் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஆனாலும் இல்லை என்கிறதே?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். டிக்ஷனரி பார்ப்பது எழுத்தின் வடிவத்தை அல்ல, அதன் அடியில் இருக்கும் குறியெண்களை, அதாவது எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் யூனிகோட் என்ற பொதுத்தரம் தந்திருக்கும் எண்களை. ஓர் எண் கூடினாலோ குறைந்தாலோ அது வேறு சொல்லாகிவிடும். திரையில் அச்சிடுவது இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்பதால், இத்தகைய சிக்கலில் பிரிண்ட்டை நம்ப வேண்டாம். சொல்லின் ஒவ்வொரு எழுத்தையும் 'ஆர்ட்' என்ற செயற்கூற்றுக்குக் கொடுத்து, வரும் எண்களை வரிசையாக அச்சிட்டுப் பாருங்கள்.

'கொடி' என்ற சாவிக்கு 2965, 3018, 2975, 3007 என்று நான்கு எண்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கோப்பிலிருந்து படித்த 'கொடி'க்கு 2965, 3018, 2975, 3007, 10 என்று ஐந்து எண்கள் வந்தால், கடைசியில் உள்ள 10 புதுவரிக் குறி. வரி வரியாகப் படிக்கும்போது ஒவ்வொரு வரியின் இறுதியிலும் அது ஒட்டிக்கொண்டேதான் வரும். 'ஸ்ட்ரிப்' கொண்டு நீக்க வேண்டும். ஸ்ட்ரிப் பழைய சரத்தை மாற்றாது, புதிய சரம் ஒன்றைத் தரும் என்பதால் அந்த விளைவை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ள மறவாதீர்கள். வாங்காமல் விட்டுவிட்டு 'ஸ்ட்ரிப் போட்டும் பயனில்லை' என்று வருபவர்கள் நிறைய.

ஸ்ட்ரிப் போட்ட பிறகும் கோப்பின் முதல் சொல் மட்டும் கிடைப்பதில்லை. மற்றவை கிடைக்கின்றன.

மேலே சொன்னபடி எண்களைப் பாருங்கள். முதலில் 65279 என்ற எண் நின்றால், அது கோப்பின் தொடக்கத்தில் சில உரைத் தொகுப்பிகள் இடும் மறைகுறி. யூடிஎஃப்-8 கோப்பில் அது மூன்று பைட் இடம் பிடிக்கும். ஸ்ட்ரிப் அதை வெற்றிடமாகக் கருதாததால் நீக்காது. கோப்பைத் திறக்கும்போது குறிமுறையின் பெயரை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால், குறி இருந்தால் பைத்தானே தாண்டிவிடும், இல்லையென்றாலும் தவறில்லை. பிறர் தந்த கோப்புகளைப் படிக்கும்போது நான் எப்போதும் இதையே கொடுக்கிறேன்.

முதல் சுற்றில் சரியாகத் தேடுகிறது. அதே கோப்பை இரண்டாவது மடக்கில் படித்தால் ஒரு வரியும் வருவதில்லை.

கோப்பு பட்டியல் அன்று. ஒருமுறை இறுதிவரை படித்துவிட்டால் படிப்புநிலை இறுதியிலேயே நிற்கும். அடுத்த மடக்குக்குப் படிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. 'சீக்' கொண்டு 0 என்ற இடத்துக்குத் திரும்பலாம். ஆனால் டிக்ஷனரியின் ஒவ்வொரு சாவிக்கும் கோப்பை முழுதாக ஒருமுறை படிக்கும்படி மடக்குக்குள் மடக்கு எழுதியிருந்தால், சிக்கல் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. கோப்பை ஒருமுறை மட்டும் படித்து, படித்த சொல்லை டிக்ஷனரியில் தேடுங்கள். உள் மடக்கே தேவைப்படாது.

பெரும்பாலான தமிழ்ச் சொற்கள் கிடைக்கின்றன. ஒகர ஓகாரம் வரும் சில சொற்கள் மட்டும் கிடைப்பதில்லை. இது பைத்தானின் பிழையா?

இல்லை. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு வகையாக எழுத இடமுண்டு. ககரத்துக்கு அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக, அதாவது 3018 ஆக இடுவது ஒருவகை. ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகப் பிரித்து இடுவது இன்னொரு வகை. இரண்டும் திரையில் ஒன்றாகவே தெரியும். முந்தைய எடுத்துக்காட்டிலிருந்த 'கொடி' இரண்டாம் வகையில் 2965, 3014, 3006, 2975, 3007 என்று ஐந்து எண்களாகிறது. அகராதி ஒருவகையிலும் உரை மற்றொரு வகையிலும் இருந்தால் தேடல் தோற்கும். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலைதான்.

'யூனிகோட்டேட்டா' என்ற நூலகத்திலுள்ள 'நார்மலைஸ்' செயற்கூற்றை 'என்எஃப்சி' வடிவத்தில் அழைத்தால் இரண்டு வகைகளும் முதல் வகைக்கே வந்துவிடும். பைத்தானுடன் சேர்ந்தே வரும் நூலகம் இது; தனியே எதையும் நிறுவ வேண்டியதில்லை.

என்எஃப்சியாலும் சேர்க்க முடியாத சில உண்டு. ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு 3031 என்ற தனி எண் இருந்தாலும், தட்டச்சு செய்பவர்கள் அந்த இடத்தில் ளகரத்தை, அதாவது 2995ஐ இட்டுவிடுவது வழக்கம். 'ஔவை'யை ஒகரமும் ளகரமுமாக எழுதுவது இப்படித்தான் நேர்கிறது. 'ஸ்ரீ' என்ற எழுத்தும் 3000 என்ற ஸகரத்தில் தொடங்கலாம், அல்லது 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட 2998 என்ற ஶகரத்தில் தொடங்கலாம்; பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் உருவம் ஒன்றே. யூனிகோடின் கணக்கில் இவை வெவ்வேறு எழுத்துகள் என்பதால், எது எதுவாக மாற வேண்டும் என்பதை நீங்களே 'ரிப்ளேஸ்' கொண்டு எழுத வேண்டும். ஶகரத்தை ஸகரமாக மாற்றுவது 'ஸ்ரீ'யில் மட்டும் நிகழட்டும். ளகரத்தைப் பொதுவாக மாற்றப் புகுந்தால் 'ஒளி' முதலான நல்ல சொற்கள் சிதைந்துவிடும்.

வாக்கியத்தை ஸ்ப்ளிட் செய்தால் சொல்லோடு முற்றுப்புள்ளியும் மேற்கோள்குறியும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டால் சொல்லே உடைகிறது.

இரண்டுமே உண்மை. எதுவும் கொடுக்காமல் அழைக்கும் ஸ்ப்ளிட் வெற்றிடங்களில் மட்டுமே வெட்டும். உரையில் தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் எழுதும் முறையான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லெழுத்தைக் குறிக்கும் 'டபிள்யூ' குறி பைத்தானின் 'ஆர்ஈ' நூலகத்தில் எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கிறது. தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து என்ற வகையில் அல்லாமல் சேர்குறி என்ற வகையில் இருப்பதால், 'தமிழ்' என்ற சொல் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டாக வெளிவருகிறது. ஆங்கில உரைக்கு எழுதிய பயிற்சி நிரலைத் தமிழ் உரையில் ஓட்டுபவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

எளிய வழி, முதலில் ஸ்ப்ளிட் செய்துவிட்டு, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் உள்ள நிறுத்தற்குறிகளை ஸ்ட்ரிப் கொண்டு நீக்குவது. ஸ்ட்ரிப்புக்கு நீக்க வேண்டிய குறிகளை ஒரே சரமாகக் கொடுக்கலாம். 'ஸ்ட்ரிங்' நூலகத்தில் ஆயத்தமாக இருக்கும் நிறுத்தற்குறித் தொகுப்பில் 32 குறிகள் உள்ளன, ஆனால் வளைந்த மேற்கோள்குறிகளும் நீண்ட கோடும் அதில் இல்லை. அவற்றை நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் வேண்டும் என்றால், தமிழுக்குரிய 2944 முதல் 3071 வரையிலான குறியெண்களை வீச்சாகக் கொடுத்து எழுதுங்கள்.

இத்தனை துப்புரவையும் எப்போது செய்வது? டிக்ஷனரியில் ஏற்றும்போதா, தேடும்போதா?

இரண்டு முறையும், அதுவும் ஒரே செயற்கூற்றின் வழியாக. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சாவியை ஒருவிதமாகவும் தேடும் சொல்லை வேறுவிதமாகவும் துப்புரவு செய்வதால் வரும் பிழைகள் கண்ணுக்கே தெரியாதவை. நிரல் நிற்காது, பிழைச்செய்தி வராது, கிடைக்காத சொற்களின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போகும்.

அந்தச் செயற்கூற்றுக்கு 'சீராக்கு' என்றே பெயரிடலாம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. பெயர்களைப் பொறுத்தவரை பைத்தான் தானாகவே யூனிகோட் இயல்பாக்கத்தைச் செய்துகொள்கிறது, சரங்களுக்கு மட்டும் அது நம் பொறுப்பு. உள்ளே வரிசை முக்கியம்: முதலில் 8203, 8204 ஆகிய எண்களுடைய அகலமற்ற குறிகளை ரிப்ளேஸ் கொண்டு நீக்க வேண்டும், பிறகு என்எஃப்சி, அதன் பிறகு முனைகளிலுள்ள வெற்றிடமும் நிறுத்தற்குறியும். இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்த உரையில் அகலமற்ற குறிகள் ஒளிந்திருக்கும். முற்றுப்புள்ளிக்குப் பின்னால் அப்படியொன்று நின்றால், அதைத் தாண்டி ஸ்ட்ரிப்பால் முற்றுப்புள்ளியை எட்ட முடியாது.

உரையில் ஆங்கிலச் சொற்களும் கலந்திருக்கின்றன. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை எப்படி நீக்குவது?

சீராக்கு செயற்கூற்றிலேயே 'கேஸ்ஃபோல்ட்' சேர்த்துவிடுங்கள். தமிழில் அந்த வேறுபாடு இல்லாததால் தமிழ்ச் சொற்களை அது தொடாது.

என் கணினியில் ஓடும் நிரல் இன்னொரு கணினியில் 'யூனிகோட் டீகோட் எரர்' தருகிறது. சில கோப்புகளுக்குப் பிழையே வராமல் புரியாத எழுத்துகள் வருகின்றன.

குறிமுறையைச் சொல்லாமல் கோப்பைத் திறந்திருக்கிறீர்கள். அப்போது பைத்தான், இயங்குதளத்தின் அமைப்பிலிருக்கும் குறிமுறையை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் அது பொதுவாக யூடிஎஃப்-8, விண்டோஸில் பல கணினிகளில் 1252 என்ற பழைய மேற்கத்தியக் குறிமுறை. 3.15ஆம் பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8ஐயே முன்னிருப்பாக்குவதென்று முடிவாகியிருக்கிறது என்றாலும், உங்கள் நிரல் எந்தப் பதிப்பில் ஓடும் என்று உங்களால் சொல்ல முடியாது என்பதால் குறிமுறையை எழுதியே திறவுங்கள்.

ஒரு கோப்புக்குப் பிழை வருவதும் இன்னொன்றுக்கு வராததும் தற்செயல் அல்ல. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட். புள்ளியின் மூன்றாம் பைட் 141, உகரக் குறியின் மூன்றாம் பைட் 129; இந்த இரண்டு எண்களுக்கும் 1252இல் எழுத்து எதுவும் இல்லை. எனவே 'தமிழ்' என்ற சொல்லைப் படிக்கும்போதே பைத்தான் பிழை சொல்லி நின்றுவிடும். புள்ளியோ உகரமோ இல்லாத 'கொடி'யோ, 12 மேற்கத்திய எழுத்துகளாகச் சத்தமில்லாமல் உள்ளே வந்து, டிக்ஷனரியில் எதனோடும் பொருந்தாமல் நிற்கும். பிழை வருவதைத் தவிர்க்க 'இக்னோர்' கொடுக்கும்படி சொல்பவர்கள் உண்டு. அது படிக்க முடியாத பைட்டுகளை உதறிவிட்டு உரையைச் சிதைக்குமே தவிர, சிக்கலைத் தீர்க்காது.

ஒரே சொல்லுக்கு இரண்டு வரிகளில் இரண்டு பொருள் இருந்தால் கடைசிப் பொருள் மட்டும்தான் நிற்கிறது.

ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதான். இரண்டாம் முறை இட்டால் பழையது அழிந்துவிடும், அறிவிப்பு எதுவும் வராது. எனவே மதிப்பாகப் பொருளை நேரடியாக வைக்காமல், பொருள்களின் பட்டியலை வையுங்கள். 'செட்டிஃபால்ட்' கொண்டு, பட்டியல் இல்லையென்றால் உருவாக்கி, இருந்தால் அதன் இறுதியில் சேர்க்கலாம்.

இதற்கு 'டிஃபால்ட்டிக்ட்' இன்னும் வசதி என்பது சரி. ஆனால் அதில் சதுர அடைப்புக்குறியால் தேடினாலே, இல்லாத சாவி வெற்றுப் பட்டியலோடு உருவாகிவிடும். உரையிலுள்ள பிழைச்சொற்கள் அனைத்தும் அகராதிக்குள் புகுந்துவிட்டன என்று ஒருவர் நிரலைக் காட்டியபோது காரணம் இதுவாகவே இருந்தது. ஏற்றி முடித்ததும் சாதாரண டிக்ஷனரியாக மாற்றிவிடுங்கள், அல்லது தேடுவதற்கு கெட்டை மட்டும் பயன்படுத்துங்கள். கெட் புதிய சாவியை உருவாக்காது.

கோப்பு மிகப் பெரியதாக இருந்தால் நினைவகம் போதுமா?

உரைக் கோப்பை 'ரீட்' கொண்டு மொத்தமாக விழுங்காமல் வரி வரியாகப் படித்தால் அதன் அளவு ஒரு பொருட்டே இல்லை. டிக்ஷனரி மட்டுமே நினைவகத்தில் முழுதாக இருக்க வேண்டும். சில லட்சம் சொற்களை இன்றைய கணினிகள் எளிதாகத் தாங்கும். அதற்கு மேல் போனால், பைத்தானுடனேயே வரும் 'எஸ்கியூலைட்' தரவுத்தளத்தில் சொற்களை வைத்து, சொல் பத்திக்குக் குறியீட்டு அட்டவணை அமைத்துத் தேடலாம். சீராக்கிய வடிவத்தையே அங்கும் சேமிக்க வேண்டும்.

'கொ' என்று தொடங்கும் எல்லாச் சொற்களையும் டிக்ஷனரியிலிருந்து எடுக்க முடியுமா?

நேராக முடியாது, ஹாஷ் எண் முழுச் சொல்லுக்கு உரியது, அதன் தொடக்கத்துக்கு அன்று. அவ்வப்போது மட்டும் தேவையென்றால் எல்லாச் சாவிகளையும் 'ஸ்டார்ட்ஸ்வித்' கொண்டு சோதியுங்கள். அடிக்கடி தேவையென்றால், சாவிகளை வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்றைத் தனியே வைத்து 'பைசெக்ட்' நூலகத்தால் தொடக்க இடத்தைக் கண்டுபிடியுங்கள். 'க' என்று தேடினால் கா, கி, கொ அனைத்தும் சேர்ந்து வரும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். குறியெண்களின்படி அவையெல்லாம் ககரத்தில்தான் தொடங்குகின்றன.

பைத்தான் தரும் வரிசை தமிழ் அகரவரிசை அன்று. குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் வருகின்றன. மெய்யெழுத்து, தன் உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் போய்விடுகிறது. தேடலுக்கு இது இடைஞ்சல் இல்லை, ஆனால் அகராதியாக அச்சிடப்போகிறீர்கள் என்றால் வரிசைப்படுத்தும் விதியை நீங்களே எழுதியாக வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் 'வீட்டில்' என்று தேடினால் 'வீடு' கிடைப்பதில்லை. இதற்கு வழி உண்டா?

இது இதுவரை பார்த்த சிக்கல்களைப் போன்றதன்று. இங்கே குறியெண்களில் பிழையில்லை; சொல் உண்மையிலேயே வேறு வடிவில் இருக்கிறது. முதலில் முழுச் சொல்லையே தேடுங்கள்; 'மயில்' போன்ற சொற்கள் அந்த நிலையிலேயே கிடைத்துவிடும். கிடைக்காதபோது மட்டும் ஈற்றை மாற்றிப் பாருங்கள். 'ட்டில்' என்று முடிந்தால் அதை நீக்கி 'டு' சேர்த்தால் வீட்டில், வீடு ஆகும். 'ற்றில்' போய் 'று' வந்தால் ஆற்றில், ஆறு ஆகும். 'த்தில்' போய் 'ம்' வந்தால் மரத்தில், மரம் ஆகும். 'கடலில்' என்பதிலிருந்து இகரக் குறியோடு லகர மெய்யை நீக்கினால் 'கடல' என்று நிற்கும். புள்ளியைச் சேர்த்தால்தான் 'கடல்' கிடைக்கும். இந்த மாற்றங்களை, பழைய ஈறு சாவியாகவும் புதிய ஈறு மதிப்பாகவும் இன்னொரு டிக்ஷனரியிலேயே வைத்துக்கொள்ளலாம். மாற்றிப் பெற்ற சொல் அகராதியில் இருந்தால் மட்டுமே ஏற்க வேண்டும்.

அந்தச் சோதனையும் எப்போதும் காப்பாற்றாது. 'தட்டில்' என்ற சொல்லுக்கு முதல் விதியைப் பொருத்தினால் 'தடு' வரும். அகராதியில் அந்த வினைச்சொல் இருப்பதால் நிரல் அதை ஏற்றுக்கொண்டு 'விலக்கு' என்று பொருள் சொல்லும். 'இல்' உருபை மட்டும் நீக்கி உகரம் சேர்க்கும் விதியில்தான் 'தட்டு' கிடைக்கும். எனவே முதலில் பொருந்திய விதியோடு நின்றுவிடாமல், எல்லா விதிகளையும் பொருத்தி, அகராதியில் கிடைத்த எல்லாச் சொற்களையும் ஒரு பட்டியலாகத் திருப்பித் தருமாறு செயற்கூற்றை எழுதுங்கள். தடு, தட்டு இரண்டில் எது என்பதை வாக்கியத்தைப் படிப்பவர் பார்த்துக்கொள்வார்.